தன்னையும் சேர்த்து எண்ணுதல்: இளையோரும் பெரியோரும் படிக்கத்தக்க சில நகைச்சுவை நூல்கள்

சுங்கை பினாங்கில் வாழும் என் உறவினர் வீட்டுப் பெண் ஒருத்தி, படிவம் நான்கில் பயில்பவள், பள்ளி விடுமுறையில் படிப்பதற்கு 'சிரிப்பான' தமிழ் நூல் ஒன்று வேண்டுமென்று கேட்டாள். சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' நூலைக் கொடுத்தேன். தமிழகத்து வாசகர் பலர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விழுந்து விழுந்து சிரித்துப் படித்த நூல் அது. ஒரு வாரம் கழித்து அவள் கேட்டது இதுதான்: "ஏன் மாமா, வாஷிங்டன்ல ஒரு லிட்டல் இந்தியா இல்லியா?"

இக்கேள்வி அறியாமையால் எழுந்தது என்று ஒதுக்கிவிட இயலவில்லை. நூலின் நகைச்சுவை எந்த அச்சில் சுழல்கிறதோ அந்த அச்சையே அவள் தொட்டுவிட்டாள். தமிழ் நகைச்சுவை நூல்களுள் நம் மாணவர்க்கும் நமக்கும் உரியவை எவை என்று பார்க்க முற்படும் இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. இது நூற்பட்டியல் அன்று. சில நூல்களைச் சற்று விரிவாகவும் சிலவற்றை மிகச் சுருக்கமாகவும் மட்டுமே இங்குக் காண இயலும்.

நகையின் இரு முகங்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலாவதாக வைக்கிறது என்பதையும், எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் அதற்கு நிலைக்களன்கள் என்பதையும் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். தேர்வு வினாவாக இதனைக் கேட்டும் எழுதியும் பழகிவிட்டோம். ஆனால் எள்ளல் என்பதற்குப் பேராசிரியர் தரும் விளக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. பிறரை எள்ளி நாம் சிரிப்பது ஒருவகை. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைக்கு நம் வகுப்பறைகளில் இடமில்லை. எடுத்துக்காட்டு கேட்டால் பெரும்பாலும் முதல் வகைக்கே கிடைக்கிறது.

வீரமாமுனிவர் (1680–1747) எழுதிய 'பரமார்த்த குருவின் கதை'யில் எல்லாரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்றை இங்கு நினைவுகூரலாம். குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறுகின்றனர். ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். ஐந்து பேரே உள்ளனர். ஆறாமவரை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுது புலம்புகின்றனர். எண்ணுபவன் ஒவ்வொரு முறையும் தன்னை விட்டுவிட்டே எண்ணுகிறான். வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவருக்கும் ஓர் அடி கொடுத்துப் பெயர் சொல்ல வைத்த பின்னரே கணக்கு நேராகிறது.

இக்கதையைத் தொடக்கப்பள்ளிக்கு உரியது என்று நாம் ஒதுக்கிவிட்டோம். 1822இல் பாபிங்டன் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் பதிப்பித்தபோது, தமிழ் கற்கும் ஐரோப்பியர்க்குரிய உரைநடைப் பாடமாகவே இது பயன்பட்டது. இரு நிலையிலும் இது பெரியவர்க்கான நூல் என்பது மறக்கப்பட்டது. இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரியார், சமய குருவையும் அவரைச் சூழ்ந்த அடியார் கூட்டத்தையும் எள்ளுகிறார் என்றால், அந்த எள்ளல் எங்கே போய் முடிகிறது? இந்து சமய மடங்களை எள்ள எழுதப்பட்டது என்று கொள்வோர் உளர். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. குரு, சீடர், கீழ்ப்படிதல், சடங்கு என்னும் அமைப்பு அவருடைய சபைக்கும் பொருந்துவதே. தம்மை விட்டுவிட்டு எண்ணியவராக வீரமாமுனிவரை நான் கருதவில்லை.

நம் மாணவர் மலாய் மொழியில் பாக் பாண்டிரையும் பாக் காடோக்கையும் லெபாய் மாலாங்கையும் அறிந்தவர்கள். தன் நல்ல சேவலை அரசனிடம் மாற்றிக்கொடுத்துவிட்டு, அச்சேவல் வென்றதும் தான் பந்தயத்தில் தோற்றதை மறந்து ஆர்ப்பரிக்கும் பாக் காடோக், மட்டிக்கும் மடையனுக்கும் ஒன்றுவிட்ட சகோதரன். இவ்விரு மரபுகளையும் ஒப்பிட்டுக் கற்பிக்கும் வாய்ப்பு நமக்கு இருப்பதுபோல் தமிழகத்து ஆசிரியர்க்கு இல்லை. லெபாய் மாலாங் ஒரே நேரத்தில் வந்த விருந்து அழைப்புகளில் எதற்கும் போய்ச்சேராமல் பட்டினியோடு வீடு திரும்புபவன். பேதைமைக்கும் மடனுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்க இவனைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. பேதைமை, அறியாமை, மடன், கற்றுக்கொண்ட ஒன்றை விடாப்பிடியாகப் பற்றி நிற்றல். சமய அறிவு படைத்த லெபாய்க்கு அறிவு இல்லாமல் இல்லை.

சாம்புவும் அப்புசாமியும்

தேவன் (1913–1957) ஆனந்த விகடனில் 1940களில் எழுதிய 'துப்பறியும் சாம்பு' பேதைமையின் மேல் எழுப்பப்பட்ட படைப்பு. வங்கிக் குமாஸ்தா வேலையை இழந்த ஓர் அசடன், தடுக்கி விழும் இடங்களிலெல்லாம் குற்றவாளி அகப்பட, பெரும் துப்பறிவாளன் எனப் பெயர் பெறுகிறான். மாணவர் இதனைச் சாம்புவின் அசட்டுத்தனத்துக்காகப் படித்துச் சிரிக்கலாம், அதில் தவறில்லை. பெரியவர் கவனிக்க வேண்டியது, அந்த அசட்டுத்தனத்தை மேதைமை என்று பொருள்கொள்பவர்களை. காவல் அதிகாரியும் செல்வரும் சீமாட்டிகளும், முடிவு வெற்றியாக அமைந்துவிட்டதால் வழிமுறையும் அறிவார்ந்ததாகவே இருந்திருக்கும் என நம்புகின்றனர். சாம்பு பொய் சொல்வதேயில்லை. அவனைப் பற்றிய பொய்யைச் சமுதாயமே புனைந்து, தானே அதற்கு மாலையிடுகிறது. பதவி உயர்வுக் குழுக்களில் அமர்ந்திருக்கும் நம் போன்றோர் இந்நூலைத் தனியறையில் படிப்பது நலம்.

ஆயினும் தொடர்கதைக்குரிய குறை இதில் உண்டு. பத்துக் கதைகளுக்குப் பின் தற்செயல் என்பது தற்செயலாக இல்லாமல் ஆசிரியரின் வாடிக்கையாகிவிடுகிறது. மாணவர்க்குத் தேர்ந்தெடுத்த ஏழெட்டுக் கதைகள் போதும்.

இதே குறை பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி கதைகளில் இன்னும் கூடுதல். ஜ. ரா. சுந்தரேசன் (1932–2017) தம் பெற்றோரின் பெயர்களை இணைத்து வைத்துக்கொண்ட இப்புனைபெயரில் 1963 முதல் குமுதத்தில் எழுதத் தொடங்கிய இக்கதைகள் பல பத்தாண்டுகள் நீடித்தன. அப்புசாமி பணத்துக்குத் திட்டமிடுவார், ரசகுண்டு துணைநிற்பான், திட்டம் கவிழும், சீதாப்பாட்டி வெல்வார். இந்த வாய்பாடு மாறுவதேயில்லை. ஆனால் வாய்பாட்டுக்குள் இருக்கும் அமைப்பைக் கவனிக்க வேண்டும். வீட்டில் கற்றவர் மனைவி. ஆங்கிலம் பேசுபவர் மனைவி. பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தின் தலைவி. பணப்பெட்டியின் சாவியும் அவரிடமே. கணவரோ சில்லறைக்குக் கையேந்துபவர். தமிழ்த் திரைப்படம் மனைவியை அடக்குவதை நகைச்சுவையாகக் காட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், வார இதழ் ஒன்றில் ஆண்டுக்கணக்காகக் குடும்பத்தலைவன் தோற்றுக்கொண்டே இருந்தான் என்பது இலக்கிய வரலாற்றில் எழுதப்பட வேண்டிய செய்தியே. கட்சிப் பெயர்ச்சுருக்கத்தைக் கேலிசெய்யும் 'பா.மு.க.' நம் மாணவர்க்கு விளங்குவதற்கு ஒரு வரி விளக்கம் போதும். உருவத்தையும் முதுமையையும் கேலி செய்யும் இடங்கள்தாம் இன்று கசக்கின்றன. அவற்றை மறைக்காமல் வகுப்பில் பேசிவிடுவதே நேர்மை.

வாஷிங்டனும் பினாங்கும்

அந்தப் பெண்ணின் கேள்விக்குத் திரும்பலாம். சாவி (1916–2001) 1963இல் ஆனந்த விகடனில் கோபுலுவின் ஓவியங்களுடன் எழுதிய இத்தொடரில், அமெரிக்கச் செல்வச் சீமாட்டி ராக்ஃபெல்லர் மாமி, தென்னிந்தியத் திருமணம் ஒன்றைத் தம் செலவில் வாஷிங்டனில் நடத்துகிறார். அப்பளம் முதல் ஜானவாசம் வரை எல்லாமே கடல் கடந்து போக வேண்டும். சடங்கு தன் மண்ணைவிட்டுப் பெயரும்போது ஒவ்வொரு சிறு பொருளும் விந்தையாகிவிடுகிறது என்பதே நகைக்குக் காரணம். சென்னை வாசகர்க்கு இது கற்பனையின் உச்சம்.

நமக்கோ இது அன்றாடம். ஜார்ஜ் டவுனின் குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில் எழுந்து இரு நூற்றாண்டுகள் ஆகப்போகின்றன. அதற்கும் முன்பிருந்தே தமிழர் இத்தீவில் கடல்கடந்த திருமணங்களை நடத்தி வருகின்றனர். வாழையிலையும் மாவிலையும் நாதஸ்வரமும் அப்பளமும் மார்க்கெட் தெருவைச் சுற்றியே கிடைத்துவிடுகின்றன. எனவே சாவி எதனை வியப்பாக வைக்கிறாரோ அதனைப் பினாங்கு வாசகி வியப்பாகக் காணவில்லை. பொருள் வாங்கக் கடை இல்லையா என்று கேட்கிறாள். சாவி அவளை எண்ணாமல் விட்டுவிட்டார். இது அவர்மேல் குற்றமாகாது. விகடன் வாசகர்க்கு எழுதியவர் அவர்.

இன்னொன்றும் உண்டு. நூலில் வரும் திருமணம் ஒரு சமூகத்தாருடையது. தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஜானவாசமும் வாஷிங்டனைப் போலவே அயல்நாடுதான். அப்படியானால் நூலை விலக்கிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. 'தமிழ்த் திருமணம்' என்று ஒரே ஒரு வடிவம் உண்டா, அதனைப் பொதுவானதாகக் கொண்டவர் யார், நம் வீட்டுத் திருமணத்தை வாஷிங்டனுக்கு அனுப்பினால் எந்தெந்தப் பொருள் போக வேண்டும் என்று மாணவரை எழுதச் சொல்லலாம். பந்தலில் பரிமாறப்படும் கோழி வறுவலும், மணமக்கள் வருகையில் முழங்கும் உறுமி மேளமும் பட்டியலில் இடம்பெறும்போது நூல் மீண்டும் உயிர்பெறும்.

கடவுளுக்குக் காப்பி

ஒரே ஒரு தமிழ் நகைச்சுவைப் படைப்பைத்தான் பாடமாக வைக்கலாம் என்றால், நான் தயங்காமல் சொல்வது புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943). நூல் அன்று, சிறுகதைதான். ஆனால் எந்தத் தொகுப்பிலும் கிடைக்கும். சென்னைத் தெரு முனையில் கடவுள் தோன்றுகிறார். சித்த வைத்திய இதழ் நடத்தும் கந்தசாமிப் பிள்ளை அவருடன் காப்பி குடித்து, அவரிடமே ஆயுள் சந்தா கேட்கிறார். கடவுளின் ஆயுளுக்கு எப்படிச் சந்தா என்ற சிக்கல் மாணவரைச் சிரிக்க வைக்கும். நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தமிழ் இதழாசிரியர் அனைவரையும் அது சிறிது நேரம் மௌனமாக்கும். (இவ்விதழ் உட்பட என்று சேர்த்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.)

இக்கதையில் கடவுளை எள்ளல் என்பது மேற்போக்கு. கடவுள் வந்து நின்றாலும் நம் கணக்குகள் மாறுவதில்லை என்பதே உள்ளீடு. பிள்ளையவர்கள் கெட்டவர் அல்லர், ஏமாற்றுக்காரரும் அல்லர், பிழைப்பு நடத்துபவர். ஆடல்வல்லான் ஆடிக்காட்டியும் அது கலையாகாது என்று பெரிய மனிதர்கள் தள்ளிவிடுகின்றனர். புதுமைப்பித்தனும் இதழ்களில் உழன்றவர் என்பதை அறிந்தவர்க்கு, எள்ளலின் ஒரு முனை எழுதியவரையே குத்துவது புலப்படும்.

தன்னைக் கண்டு சிரிப்பவர்கள்

நம் மாணவர் எந்த நூலைப் படித்துச் சிரிக்கின்றனர் என்று கேட்டால் தயக்கமின்றி வரும் விடை லாட்டின் 'கம்போங் பாய்' (1979). ஆங்கிலத்தில் ஜெஃப் கின்னியின் 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' (2007) வரிசை. இரண்டிலும் கதைசொல்லும் சிறுவனே கேலிக்குரியவன். பேராக் மாநிலக் கிராமத்தில் பிறந்து வளர்ந்ததைப் படமும் எழுத்துமாகச் சொல்லும் லாட், ஈப்போ வாழ்க்கையை 'டவுன் பாய்' (1981) நூலில் தொடர்ந்தார். அவர் தம் தந்தையை, சமயப் பள்ளியை, அண்டை வீட்டாரை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தம்மையே அன்போடு எள்ளுகிறார். தமிழ்ப் பிள்ளைகள் அந்த மலாய்ச் சிறுவனிடம் தங்களைக் காண்கின்றனர்.

அவர்கள் மலாயில் சிரிக்கின்றனர், ஆங்கிலத்தில் சிரிக்கின்றனர்; தமிழில் என்ன செய்கின்றனர்? தமிழில் அறிவுரை கேட்கின்றனர், அல்லது அழுகின்றனர். மலேசியத் தமிழ்ப் புனைகதையின் முதன்மையான மெய்ப்பாடு அழுகையாகவே இருந்து வந்துள்ளது. தோட்டத்துத் துயரும் சயாம் மரண இரயிலும் எழுதப்பட வேண்டியவையே. எழுதியவர்க்கு நாம் கடன்பட்டவர்கள். ஆயினும் அதே தோட்டத்து லயன்களில், அதே இரவுகளில், மனிதர்கள் சிரித்தும் இருந்தனர். அச்சிரிப்பு வானொலி நாடகத்துக்கும் திருமண மேடைக்கும் போயிற்று. அச்சு நூலுக்கு அரிதாகவே வந்தது. மொழி ஒன்று துயரத்துக்கும் நன்னெறிக்கும் மட்டுமே உரியது என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை முடிவுகட்டிவிட்டால், படிவம் ஐந்துக்குப் பின் அப்பிள்ளை அம்மொழி நூலைத் தொடப்போவதில்லை. நம் துறைக்கு வரும் மாணவர் தொகையைப் பற்றிக் கவலைப்படும் நாம் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

லாட்டுக்கு நிகராகத் தமிழில் காட்டத்தக்கவை இரண்டு. ஒன்று சுஜாதாவின் (1935–2008) 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. திருவரங்கத்து வீதிகளில் வளரும் சிறுவன் தன் கூச்சத்தையும் பொறாமையையும் அசட்டுக் காதலையும் தானே காட்டிக்கொடுக்கிறான். 'இளமை' என்னும் நிலைக்களனுக்கு இதனைவிடப் பொருத்தமான உரைநடை நூலைக் கூறல் அரிது. சிரித்துக்கொண்டே வந்து, சில கதைகளின் இறுதியில் சட்டென்று சிரிப்பு நின்றுவிடும். இந்த இடைமுறிவு மாணவரைவிட ஆசிரியரையே மிகுதியாகத் தாக்கும்.

மற்றொன்று அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' (2008). யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் 1937இல் பிறந்து, ஆப்பிரிக்க நாடுகளிலும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றி, கனடாவில் குடியேறியவர் இவர். இந்நூலை நாவல் என்பதா, தன்வரலாறு என்பதா என்னும் ஆய்வு வேறு இடத்துக்கு உரியது. இங்கு வேண்டியது அதன் கதைசொல்லி. அவன் எங்குச் சென்றாலும் அந்நாட்டாரைக் கண்டு சிரிக்கவில்லை. அந்நாட்டில் நிற்கத் தெரியாத தன்னைக் கண்டே சிரிக்கிறான். சாவியின் நூலில் தமிழ்ச் சடங்கு அமெரிக்காவுக்குப் பயணம் போய்த் திரும்பிவிடும். முத்துலிங்கத்திடம் திரும்புதல் இல்லை. போன இடத்திலேயே வாழ்ந்தாக வேண்டியவனின் சிரிப்பு அது, ஆதலால் நம்முடையதும்கூட. சொற்றொடர்கள் குறுகியவை, தெளிந்தவை. படிவம் நான்கு மாணவர் அகராதியின்றிப் படிக்கலாம். ஈழத்துச் சொற்கள் சிலவற்றுக்கு மட்டும் துணை வேண்டும்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) நகைச்சுவை நூலா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். போரும் மரணமும் நிறைந்த நாவல்தான். ஆனால் எள்ளல் என்னும் நிலைக்களன் இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் இதனினும் கூர்மையாக வெளிப்பட்ட இடம் உண்டா என்பது ஐயமே. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, 1938இல் மேடானுக்குப் பிழைக்க வந்து, 1946இல் தமிழகம் திரும்பிய சிங்காரம், சப்பானியர் ஆட்சிக்காலத்துப் பினாங்கை நேரில் கண்டவர்க்குரிய துல்லியத்தோடு எழுதுகிறார். பினாங்குப் பகுதியில் நண்பர்கள் குடித்துக்கொண்டே தமிழரின் பழம்பெருமையைப் பந்தாடும் உரையாடல் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படிக்க வேண்டியது. மேடைப் பேச்சின் ஓசையும் உரையாசிரியர் நடையும் காப்பியத் தொடர்களும் அதில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டுள்ளன. பிறர் நம்மை எள்ளுவதன்று அது. தமிழை நன்கு கற்ற ஒருவர், தமிழராகவே நின்று, தம்மையும் சேர்த்து எள்ளுவது. பரமார்த்த குரு கதையின் வழிப்போக்கன் கொடுத்த அடிபோல் நம் பெயரைச் சொல்ல வைக்கிறது. நாவலின் சில பகுதிகள் பதின்ம வயதினர்க்கு ஏற்றவை அல்ல. ஆறாம் படிவத்துக்குக் கீழ் இதனைப் பரிந்துரைக்க மாட்டேன். பல்கலைக்கழக முதலாண்டில் அந்த ஒரு பகுதியை மட்டும் உரக்கப் படித்துக் காட்டலாம்.

உரக்கப் படித்தல் என்றதும் ஆசிரியர் சிலர் எழுப்பும் தடை நினைவுக்கு வருகிறது. இந்நூல்களின் உரையாடல்கள் பேச்சுத்தமிழில் உள்ளன. தேவனிடமும் சுஜாதாவிடமும் ஒரு சமூகத்தின் வழக்கு. அப்புசாமியிடம் சென்னைப் பேச்சு. மாணவர் இவற்றைத் தேர்வுத்தாளில் எழுதிவிடுவர் என்ற அச்சம் பொருளற்றதன்று. ஆனால் 'கம்போங் பாய்' படித்த மாணவன் மலாய்த் தேர்வில் பேராக் வழக்கை எழுதுவதில்லை. எழுத்துவழக்குக்கும் பேச்சுவழக்குக்கும் உள்ள தொலைவை மாணவர் காதால் உணர்வதற்கு நகைச்சுவை உரையாடலைவிட நல்ல வாயில் இல்லை. சீதாப்பாட்டியின் ஆங்கிலம் கலந்த மிடுக்கையும் அப்புசாமியின் கெஞ்சலையும் இரு மாணவர் மாறிமாறிப் படிக்கட்டும். மூன்றாமவர் அதனையே நம் பினாங்குப் பேச்சில் மாற்றிச் சொல்லட்டும். கட்டாயம் வகுப்பில் இரைச்சல் எழும்.

சுங்கை பினாங்குப் பெண்ணுக்கு அடுத்ததாக முத்துலிங்கத்தைக் கொடுத்தேன். அந்நூல் இன்னும் என் கைக்குத் திரும்பவில்லை. இப்போது அவளுடைய பாட்டி படித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.